மாவு டப்பாவுக்கு அடியில்

நோயாளி நாள் முழுக்கப் படுத்தே இருந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதப்போய், நாள் முழுக்கப் பொய் சொன்னார் என்று எழுதிவைத்துவிட்டாள் வீட்டின் மூத்த மருமகள். டாக்டர் அதை வார்டுக்கே கேட்கும்படி வாசித்து, "அப்படி என்ன பொய் சொன்னார் சிஸ்டர்?" என்றார். பத்தொன்பது வருஷம் ஊசி போட்டவளுக்கு இந்த அவமானம் தேவையா? தலைமை நர்ஸ் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது தாண்டினால் எழுத விடமாட்டார்கள். அவளுக்கு நாற்பத்தொன்பது.

வேறு வழியில்லாமல் ஓரகத்தியின் முன்னால் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். இளையவள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். ஒரே வீடு, ஒரே சமையலறை, பத்து வருஷமாக ஒருத்திக்கு ஒருத்தி ஆகாது. புருஷன்மார் இருவரும் கெஞ்சிக் கூத்தாடியதால் சொல்லித்தர ஒப்புக்கொண்டாள். நாக்கை அடக்குவதாக ஒப்புக்கொள்ளவில்லை.

பரீட்சையன்று காலையில்தான் பொய்க்கும் படுக்கைக்கும் பொதுவான அந்த வினைச்சொல்லுக்கு வந்தார்கள்.

"தானாப் படுத்தா லை, லே, லெயின். இன்னொருத்தரைப் படுக்க வச்சா லே, லெய்ட், லெய்ட். எங்க, சொல்லுங்க."

"லே ரெண்டுலயும் வருதே?"

"ஆமா, வரும்."

"அதெப்படி ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் வரும்?"

"இங்கிலீஷைக் கண்டுபிடிச்சவன் உங்களைக் கேக்காம வச்சுட்டான் அக்கா. மூளைய ஆஸ்பத்திரியிலயே கழட்டி வச்சுட்டு வந்தீங்களா? மனப்பாடம் பண்ணுங்க."

பாவி, எப்படிப் பேசுகிறாள் பாருங்கள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள்.

பரீட்சை அறை வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளில் ஒரு வார்டு அறிக்கை. நோயாளி படுத்ததும், நர்ஸ் அவரைப் படுக்க வைத்ததுமாக ஐந்து கோடிட்ட இடங்கள். இரண்டு வரிசையும் மூத்தவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் இடத்தில் பேனாவை வைத்தவளுக்குச் சுருக்கென்றது. ஒரே சொல் இரண்டு பக்கமும் வருமாமே! காதில் பூச்சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. இளையவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், பெரிய பள்ளி ஒன்றிலிருந்து அவளுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. வாங்கியவள் மூத்தவள். இவளும் வேலைக்குப் போய்விட்டால் அடுப்படி மொத்தமும் என் தலையில்தானே விழும் என்று, அலமாரியில் மாவு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த தாளுக்குக் கீழே அதைச் சொருகிவிட்டாள். தேதி கடந்தது. இளையவள் பிறகு ஏதோ ஒரு சின்னப் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். நானே அப்படிச் செய்தவள், அவள் மட்டும் விடுவாளா? மூத்தவள் ஐந்து இடத்தையும் வரிசை மாற்றித் தலைகீழாக நிரப்பிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தாள்.

மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. திருத்திய தாளைக் கையில் கொடுத்தார்கள். ஐந்து இடத்திலும் சிவப்புக் கோடு. பக்கத்தில் திருத்துகிறவர் எழுதியிருந்தது அப்படியே இளையவள் சொன்னது. வீட்டுக்கு வந்தவள் தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கை பழகிய இடத்திலேயே வைத்தாள். பழைய கடிதம் அங்கேதான் கிடந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை சமையலறைக்குள் நுழைந்தபோது, இளையவள் மாவு டப்பாவை இறக்கிவைத்துவிட்டு விடைத்தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னதை அப்படியே மாத்தி எழுதியிருக்கீங்க. அஞ்சும்."

மூத்தவள் தாளைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

"தப்பாச் சொல்லிக்குடுத்தேன்னு நினைச்சீங்களா?" இளையவள் இன்னொரு கையைத் தூக்கினாள். அதில் மஞ்சளேறிய கடிதம். "இதை நான் பாத்து ஏழு வருஷமாச்சு. எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு விட்டுவச்சேன். உங்களை எனக்குப் பிடிக்காதுதான், திட்டுவேன், சண்டை போடுவேன். பாடத்துல போய் கை வைப்பேனாக்கா?"

"நான்..."

"வேணாம். பேசாதீங்க."

இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அலமாரித் தாளுக்கு அடியில் திரும்ப வைத்தாள். சுருக்கமில்லாமல் தடவிவிட்டு மாவு டப்பாவைத் தூக்கி மேலே வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மூத்தவள் அடுப்பங்கரையிலேயே நின்றாள். யாரையாவது நாலு வார்த்தை திட்டினால் மனசு ஆறும் போலிருந்தது. திட்டுவதற்கு ஆள்தான் இல்லை.