மூச்சு விடும் இடம்

அவள் அந்தக் காகிதத்தை நான்காவது முறையாக மடித்தாள். மடித்த கையோடு மறுபடி பிரித்தாள். எழுத்து ஒன்றும் மாறிவிடவில்லை.

காலையில் வந்ததும் வராததுமாக அலுவலகக் கிளார்க் நீட்டிய காகிதம் அது. இசைக்குழுவில் அவளுடைய ஓராண்டுச் சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. அதற்கான அறிக்கை. மேலே அச்சில் ‘இரண்டாம் கிளாரினெட்’ என்று இருந்தது. கீழே முதல் கிளாரினெட் வாசிப்பவர் தன் கைப்பட எழுதிய இரண்டே வரி: ‘நேரத்துக்கு வருகிறார். ஆனால் இருக்கிறாரா இல்லையா என்பதே கேட்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.’

“கையெழுத்துப் போடும்மா,” என்றார் கிளார்க்.

“ஒத்துக்கிட்டதுக்கா, படிச்சதுக்கா?”

“படிச்சதுக்கு. ஒத்துக்கறதெல்லாம் வீட்டுல போய் வெச்சுக்க.”

பேனா மறுபக்கம் பதிகிற மாதிரி அழுத்திப் போட்டுவிட்டுப் பிரதியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒத்திகைக் கூடத்துக்கு வெளியே இருந்த நடைவழியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்துகொண்டிருந்தாள்.

மதியம் ஒத்திகை முடிந்ததும் குழல் பிரிவில் மிச்சமுள்ள ஏழு பேரும் ஓர் அறையில் உட்கார்ந்து வாக்குப் போடுவார்கள். பக்கத்தில் உட்காரப்போகிறவர்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இங்கே விதி. வேலை நிரந்தரம், அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியது. இன்னொரு இசைக்குழுவில் இன்னொரு கிளாரினெட் நாற்காலி காலியாக எத்தனை வருடம் ஆகுமோ! அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா பஸ் கண்டக்டர். “எம்பொண்ணுக்கும் மேலதிகாரி ஒரு கண்டக்டர்தான், ஆனா அவரு குச்சியை ஆட்டினா எண்பது பேர் அசையறான், நான் விசில் ஊதினா டிரைவரே அசைய மாட்டேங்கிறான்,” என்று பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த மனிதரிடம் போய் என்ன சொல்வது? ‘நான் இருக்கேனா இல்லையான்னு தெரியலையாம்ப்பா’ என்றா?

அதையும் யார் எழுதியது? மூச்சுக்காரர்.

முதல் கிளாரினெட்டுக்கு அந்தப் பெயர் வந்து இருபது வருடமாகிறது. ஒரு நீளமான ராகத்தை நடுவில் எங்கும் அறுக்காமல் வாசித்துவிடுவார் என்று பத்திரிகைகளில் எழுதி, மூச்சே விடாத மனிதர் என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அவர் இசைத்தாளில் மூச்சு வாங்கும் இடத்துக்கான குறி ஒன்றுகூடக் கிடையாது. மற்றவர்கள் தாளெல்லாம் பென்சில் கிறுக்கலாக இருக்கும். அவர் தாள் இஸ்திரி போட்ட சட்டை.

வயலின்காரர்களுக்கு இந்தக் கவலையில்லை. வில்லைத் திருப்பிக்கொண்டால் போதும். ஊதுகிறவர்கள் கதை வேறு. புல்லாங்குழலுக்குக் காற்று சிந்திக்கொண்டே இருக்கும். ஓபோவுக்கு நேரெதிர்: துளை அவ்வளவு சின்னது, உள்ளே போன காற்று வெளியேற வழியில்லாமல் நெஞ்சிலேயே தேங்கி முகம் சிவந்துபோகும். கிளாரினெட்டும் பாஸூனும் நடுவில். ஆக, புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பாஸூன் என்று இரண்டிரண்டாக உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரில் யாராவது ஒருவர் எந்த நேரமும் திணறிக்கொண்டிருப்பார். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சாகத் தெரிய வேண்டும். இதுதான் தொழில்.

அவள் சேர்ந்த முதல் வாரம். மெதுவான பகுதியில் தந்திக்கருவிகள் எல்லாம் ஓய்ந்து, இரண்டு கிளாரினெட்டும் ஒரு பாஸூனும் மட்டும் நிற்கிற, தாளில் கோடு போட்டுப் பிரித்த எட்டுக் கட்டம். மேலே மூச்சுக்காரரின் ராகம். கீழே அவளுடைய ஒரே ஒரு நீண்ட சுரம். நான்காம் கட்டத்தில் அவள் நாற்காலிக் காலில் டொக் என்று ஒரு சத்தம். அவருடைய ஷூ. திரும்பிப் பார்த்தாள். அவர் கண் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்தது. தன் சுரத்தை விட்டுவிட்டு மேலே தாவி அவர் ராகத்தை அவர் குரலிலேயே பிடித்தாள். அவர் வயிறு நிறைய மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வந்தார். அவள் இறங்கித் தன் இடத்துக்குப் போனாள்.

அவர் நன்றி சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசவுமில்லை. அடுத்த முறையும் டொக். அதற்கடுத்த முறையும். ஒரு வருடத்தில் அந்த நாற்காலிக் காலில் பெயின்ட் போய் வெள்ளையாகிவிட்டது.

அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தான் மேலே போகிற நேரத்தில் கீழே ஓட்டை விழுமே? கச்சேரி ஒலிப்பதிவை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு அந்த எட்டுக் கட்டத்தை முப்பது தடவை கேட்டாள். ஓட்டையே இல்லை. கீழே எல்லாம் நிறைவாகத்தான் இருந்தது. அப்படியானால் அவளுடைய சுரம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது இதுதான். இப்போது அதையே அந்த மனுஷன் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவிடம் ஒரு முறை பேச்சுவாக்கில் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள். “இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? ஒழுங்காத் தேய்ச்ச துணியை யார் தேய்ச்சதுன்னு எவன்டி கேக்கறான்? சுருக்கம் விழுந்தாத்தான் பேரைக் கேப்பான்,” என்றாள்.

சுருக்கம் விழுந்தால்தானே? விழட்டும் என்று நினைத்தாள். காகிதத்தை இசைத்தாள் உறையில் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

*

அவர்கள் வரிசையில் நான்கு பேர். இந்தக் கோடியில் அவள். அவளுக்கு அடுத்து மூச்சுக்காரர், பிறகு முதல் பாஸூன். அந்தக் கோடியில் இரண்டாம் பாஸூன் வாசிக்கிற அக்கா. எல்லாரும் அவரை பாஸூன் அக்கா என்பார்கள். தனக்கு ஓய்வு வருகிற பக்கங்களில் மடியில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பவர். நிரந்தர வேலைக்காரர்களின் கொழுப்பு என்று அவள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள்.

“என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? உடம்பு சரியில்லையா?” என்றார் மூச்சுக்காரர், குழலைத் துடைத்துக்கொண்டே.

“நல்லாத்தான் இருக்கேன் சார். இருக்கேன்னு தெரியுதில்ல?”

அவர் துடைப்பதை நிறுத்தினார். அதற்குள் கண்டக்டர் மேடையேறிவிட்டார். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய். “மெதுவான பகுதி. ஆரம்பத்துல இருந்து,” என்றார்.

தந்திகள் ஓய்ந்தன. எட்டுக் கட்டம் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

டொக்.

அவள் அசையவில்லை. தன் சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டொக், டொக். நாற்காலியே நகர்ந்தது. அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேலே ராகம் இளைத்தது. நூலாகி, நடுங்கி, சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தது. கூடத்தில் எண்பது பேர் முன்னால் மூச்சுக்காரர் ‘ஹக்’ என்று காற்றை இழுத்த சத்தம் கடைசி வரிசை வரை போனது.

அவளுக்கு உள்ளே ஒரு குதூகலம் எழுந்தது. எழுந்த வேகத்தில் விழுந்தது. கீழே ஏதோ சரியில்லை. அவள் சுரம் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது. அதே சுரம், அதே அளவு மென்மையாக, வரிசையின் மறுகோடியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

கண்டக்டர் குச்சியை இறக்கினார். “மேல ஆளைக் காணோம். கீழ ஒருத்தர் இருக்கற இடத்துல ரெண்டு பேர் நிக்கறீங்க. யார் அது?”

பாஸூன் அக்கா கையைத் தூக்கினார். “நான்தாங்க. எண்ணினதுல தப்பாயிடுச்சு.”

“உங்க தாள்ல அங்க என்ன எழுதியிருக்கு?”

“எட்டுக் கட்டம் ஓய்வு.”

“எட்டுக் கட்டம் எண்ண வரலையா? குறுக்கெழுத்துல மட்டும் கட்டம் சரியா வருது போல!”

வயலின்காரர்கள் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“உங்களுக்கு என்ன சார் ஆச்சு?” என்று கண்டக்டர் இந்தப் பக்கம் திரும்பினார். குரல் குழைந்திருந்தது.

“ரீட் மக்கர் பண்ணுது,” என்றார் மூச்சுக்காரர், வாய்க்கட்டையில் செருகியிருந்த நாணல் துண்டைத் தட்டிக் காட்டி.

இரண்டு பக்கமும் இரண்டு பொய். ஒன்று, சொன்னவரையே கவிழ்த்தது. இன்னொன்று, சொன்னவரைக் காப்பாற்றியது. அவளுக்குச் சட்டென்று அந்த ஒலிப்பதிவு ஞாபகம் வந்தது. ஓட்டையே இல்லாத எட்டுக் கட்டம். ஓட்டை ஏன் இல்லை? இந்த மனுஷி ஒரு வருடமாக அடைத்திருக்கிறார். டொக் என்ற சத்தம் மரமேடை வழியாக அந்தக் கோடிக்கும் போயிருக்கிறது. அவள் மேலே தாவும்போதெல்லாம், குறுக்கெழுத்தை மடியில் போட்டுவிட்டு அவர் அவள் சுரத்தை எடுத்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எதுவும் கெட்டுவிடாது. ரீட் என்று முடிந்துபோகும். இன்னும் ஒரு மணி நேரத்தில் வாக்கு.

எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“அவங்க சரியாத்தான் எண்ணினாங்க.”

“என்னது?” என்றார் கண்டக்டர்.

“அது என் சுரம். சார் மூச்சு வாங்கறப்ப நான் அவர் ராகத்தைப் பிடிக்கப் போறேன். நான் போனதும் என் இடத்தை அவங்க பிடிக்கிறாங்க. ஒரு வருஷமா இப்படித்தான். இன்னிக்கு நான் போகலை. வேணும்னேதான் போகலை.”

ஓபோக்காரர் நாற்காலியில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மூச்சுக்காரர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“வேணும்னே?”

“ஆமா.”

“அது அயோக்கியத்தனம்.”

“தெரியும் சார்.”

கண்டக்டர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். “ஒரு வருஷமா என் மூக்குக்கு நேரா நடந்திருக்கு, எனக்கே தெரியலை. அவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க, மூணு பேரும். இனிமே ஒளிச்சு வெச்சுச் செய்ய வேண்டாம். தாள்ல எழுதுங்க. யார் எங்க மூச்சு வாங்கறது, யார் தாங்கறது. பென்சிலை எடுங்க.”

அக்கா எழுதினார். அவள் எழுதினாள். மூச்சுக்காரரிடம் பென்சில் இல்லை. இருபது வருடமாகத் தேவைப்பட்டதில்லை. அவள் தன்னுடையதை நீட்டினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் எழுதவில்லை.

மறுபடி வாசித்தார்கள். நான்காம் கட்டத்தில் ஷூ தட்டவில்லை. அவள் மேலே போனாள், அவர் ராகத்தை விட்டார், கீழே பாஸூன் வந்தது. கைமாறிய இடம் தெரியவில்லை. தன் சுரத்தை வேறொருவர் வாசிப்பதை அவள் முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டாள். நன்றாக இருந்தது. அதுவே எரிச்சலாகவும் இருந்தது.

*

“ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?” வாக்கு அறைக்குப் போகிற வழியில் பாஸூன் அக்காவை மறித்துக் கேட்டாள்.

“நீ என்னிக்காவது இந்தப் பக்கம் திரும்பியிருக்கியாடீ? வரும்போதே முறைச்சிக்கிட்டு வருவ, போகும்போது முறைச்சிக்கிட்டுப் போவ. உன் கிட்ட வந்து யாரு வாயைக் குடுக்கறது?”

“நான் உங்களைச் சோம்பேறின்னு நினைச்சேன்.”

“சோம்பேறிதான். அது வேற.” அக்கா குறுக்கெழுத்துத் தாளைக் கைப்பையில் செருகினார். “ஆனா ஒண்ணு. நீ இன்னிக்கு வேணும்னே ஓட்டை விட்ட. அவரு எவ்வளவு கெட்டவரா இருந்தாலும் அந்த நிமிஷம் மூச்சில்லாம தவிச்ச மனுஷன். உன் பக்கத்துல உக்கார்றதுன்னா எனக்கே யோசனையாத்தான் இருக்கு. உள்ள போய் யோசிக்கிறேன்.”

கதவு சாத்தப்பட்டது.

மறுபடி நடைவழி. இந்தக் கோடி, அந்தக் கோடி. தண்ணீர் குடித்தாள். குடித்தோமா என்று மறந்து மறுபடி குடித்தாள். போன் அடித்தது. அம்மா. பின்னால் சலவை யந்திரங்களின் இரைச்சல்.

“ஆச்சா?”

“இல்லம்மா.”

“ஏன் குரல் இப்படி இருக்கு? எதாவது வாயாடி வெச்சியா?”

“ஆமா.”

“யாரு மேலயாவது கை வெச்சியா?”

“இல்லம்மா!”

“அப்ப சரி. ஆனதும் கூப்பிடு. உங்கப்பா டிக்கெட்டைக் கிழிக்காம உன் போனுக்குக் காத்துக்கிட்டிருக்காரு.”

கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவர் மூச்சுக்காரர். மற்றவர்கள் உள்ளேயே நின்றார்கள். அவர்தான் முதலில் போகட்டும் என்று விட்ட மாதிரி இருந்தது. அவர் நேராக அவளிடம் வந்தார்.

“நிரந்தரம்,” என்றார். “நான் எதிர்த்துத்தான் போட்டேன். அதை மத்தவங்க சொல்லி நீ கேக்க வேண்டாம்.”

“சரி சார்.”

“என்னை நாலு பேர் முன்னாடி நிர்வாணமாக்கிட்ட.”

“நீங்க என்னை இல்லவே இல்லைன்னு எழுதினீங்க.”

அவர் கோட்டுப் பையிலிருந்து அவள் பென்சிலை எடுத்து நீட்டினார். காலையில் ஊசியாகச் சீவியிருந்த முனை மழுங்கியிருந்தது. கூடவே தன் இசைத்தாளையும் நீட்டினார். இஸ்திரிச் சட்டை இனி இஸ்திரிச் சட்டையில்லை. நான்காம் கட்டத்தில் ஒரு குறி. அடுத்த பக்கத்தில் ஒன்று. கடைசிப் பகுதியில், அவளுக்கே தெரியாத இடத்தில், நெருக்கமாக இரண்டு.

“இந்த ரெண்டு இடத்துல யார் சார் தாங்கினாங்க இத்தனை நாளா?”

“யாரும் இல்லை. பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாண்டிடுவேன்.” அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். “இப்பல்லாம் தாண்ட முடியலை.”

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. தன் தாளை எடுத்துச் சுவரில் வைத்து, அவர் போட்ட நான்கு குறிகளையும் மழுங்கிய பென்சிலாலேயே ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதினாள். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு நாற்காலியை உதைக்காதீங்க சார்,” என்றாள். “குறி போதும்.”

பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் பஸ் இரைந்தது, யாரோ சில்லறை கேட்டுக் கத்தினார்கள், அவளுக்குச் சொல்லவேண்டியது உடனே வாயில் வரவில்லை. “ஹலோ, ஹலோ,” என்று அப்பா பதறினார். “இருக்கியாம்மா?”

“இருக்கேன்ப்பா,” என்றாள்.