தாடிக்காரர் ஜெயிக்க வேண்டும்

தம்பி கடைசிச் சதுரங்க ஆட்டத்தை முடித்துவிட்டு அரங்கிலிருந்து வெளியே வந்தபோது அவன் முகத்தை வைத்து அக்காவால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். கதவைத் திறந்து நுழைகிறவரின் நடையிலேயே எந்தப் பக்கம் வலி என்று சொல்லிவிடுவாள்.

"ஜெயிச்சியா?"

"டிரா."

"அப்ப தேறிட்டியா?"

"தெரியலக்கா."

விளையாடியவனுக்கே தெரியாதா? அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. நாட்டுக்குள் ஜெயித்தான், மண்டலப் போட்டியில் ஜெயித்தான், அதனால் எல்லா மண்டலத்துக்காரர்களும் மோதும் இந்தப் போட்டிக்கு வந்தான். இங்கே முதல் ஆறு பேர் இன்னொரு போட்டிக்குப் போவார்கள். அதில் முதலாவதாக வருகிறவன்தான் உலக சாம்பியனுக்கு எதிரே உட்காரலாம். இவ்வளவும் அவள் ரயிலில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததுதான்.

"ஆறாவது இடத்துல நானும் இன்னொருத்தரும் சமம். நான் தோற்கடிச்சவங்க எடுத்த புள்ளி அதிகமா, அவர் தோற்கடிச்சவங்க எடுத்த புள்ளி அதிகமான்னு பாப்பாங்க. தாடிக்காரர் இன்னும் ஆடிட்டிருக்காரு. நான் அவரை ஜெயிச்சிருக்கேன். இப்ப அவர் ஜெயிச்சா நான் உள்ள."

"நீ யோசிக்கிறப்ப எல்லாம் மேசையைத் தட்டிட்டே இருந்தாரே, அந்த மனுஷனா?"

"அவரேதான்."

இரண்டு வாரமாக அவரை வாய் ஓயாமல் திட்டியவள், பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்து அவருக்காக வேண்டிக்கொண்டாள். சுவரில் மாட்டிய பெரிய பலகையில் காய்கள் நகர்ந்தன. யார் கை ஓங்குகிறது என்றே புரியவில்லை. திடீரென்று இருவரும் எழுந்து கைகுலுக்கினார்கள்.

"என்னடா ஆச்சு?"

"டிரா. அரைப் புள்ளி பத்தாது. நான் ஏழாவது." தம்பி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "தேறினவங்கள்ல யாராச்சும் வர முடியாமப் போனா, என்னைக் கூப்பிடுவாங்க."

"ஏன் வராமப் போவாங்க?"

"உடம்பு சரியில்லாம…"

அப்போது தாடிக்காரர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார் டிராவுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"எனக்கு அது போதும்மா. தேறிட்டேன்." மறுபடியும் இருமினார்.

அவள் கை தானாகப் பைக்குள் போய் இருமல் மிட்டாயை எடுத்து நீட்டியது. அவர் நன்றி சொல்லி வாயில் போட்டுக்கொண்டு போனார்.

தம்பி அவளையே பார்த்தான். "என்னக்கா பண்ற நீ?"

"எனக்கே தெரியலடா."

அந்த ஆறு பேரும் குத்துக்கல் மாதிரி திடமாக அடுத்த போட்டிக்குப் போனார்கள். தம்பியை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வாய்ப்புக்கு அவன் மறுபடியும் உள்நாட்டுப் போட்டியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. மருத்துவமனைக்கு வருகிறவர்கள், "தம்பி ஜெயிச்சாரா, தோத்தாரா?" என்று கேட்டால், அக்கா வாயைத் திறப்பாள், யோசிப்பாள், "உக்காருங்க, டாக்டர் இப்ப கூப்பிடுவாரு" என்பாள்.