கேட்கும் நாள் செவ்வாய்

‘படிக்கட்டு’ என்ற மூவர் இசைக்குழு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாசித்தால் அது ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத்தான் கேட்கும். வாசித்த அதே மூலையில், அதே வரிசையில், இருமல் தும்மல் உட்பட. தொடக்கத்தில் இந்தத் தாமதம் பதினோரு நிமிடம்தான். நூலகத்தின் வாசிப்பறையில் நடந்த முதல் நிகழ்ச்சியில் மூவரும் வாயசைத்து, விரலசைத்து, வியர்த்து விறுவிறுத்து, ஒரு சத்தமும் எழாமல் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது, முதல் பாட்டு இரண்டு அலமாரிகளுக்கு நடுவிலிருந்து ஆரம்பித்தது. வந்திருந்த ஏழு பேரில் நாலு பேர் அதற்குள் கிளம்பியிருந்தார்கள். மிச்சம் மூன்று பேர் கைதட்டினார்கள். அடுத்த மாதம் செருப்புக் கடையின் ஆண்டு நிறைவில் தாமதம் ஒரு மணி நேரமானது. முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றரை நாள். அங்கே ஒருவர் பாட்டு வந்து சேருமுன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், அது எப்படி இருந்தது என்று இன்றுவரை கடிதம் எழுதிக் கேட்கிறார். இரண்டாம் வருடக் கடைசியில் ஒன்பது நாளில் வந்து நின்றது, அப்புறம் நகரவில்லை. வயரை மாற்றினார்கள், ஒலிபெருக்கியை மாற்றினார்கள், இரண்டும் இல்லாமல் வாசித்தும் பார்த்தார்கள். வீட்டில் ஒத்திகை பார்த்தால் உடனே கேட்டது. நாலு பேர் முன்னால் போய் உட்கார்ந்தால் ஒன்பது நாள்.

கிட்டார் வாசித்தவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அடுத்தவர் எழுத்தில் பிழை கண்டுபிடிப்பதே தொழில். பாடியவர் அவருடைய மனைவி, இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுப்பவர். மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, குனிந்து, அதன் முகத்தில் இரண்டு கையாலும் தாளம் தட்டியவன் கிட்டார்காரரின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் தாத்தா வயதுக்காரர்கள்கூட அவர்களை அண்ணன், அண்ணி, தம்பி என்றே சொன்னார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வாசிக்கும்போது தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்காததால் அவர்கள் கண்ணால்தான் சேர்ந்து வாசித்தார்கள். அண்ணியின் மூச்சு, தம்பியின் தோள், அண்ணனின் கட்டைவிரல். போகப்போக ஒருவர் உதட்டை ஒருவர் படிக்கவும் பழகினார்கள். அண்ணன் இரண்டு விதிகள் போட்டிருந்தார். வாசிக்கும்போது யாரும் கண்ணை மூடக்கூடாது. கேட்கும் நாள் வரும்வரை அந்த நிகழ்ச்சியைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. முன்பு ஒருமுறை, செய்யாத தப்புக்காக ஒன்பது நாள் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அவர்கள் அதிகம் வாசித்தது மூன்றாவது மாடியில் இருந்த ஒரு காபிக் கடையில். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அங்கே ஓபன் மைக். பலகையில் பேரை எழுதிவிட்டால் யாருக்கும் இருபது நிமிடம். கடைக்காரம்மாவுக்கு ‘படிக்கட்டு’ மேல் தனிப் பிரியம், ஏனென்றால் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் கூட்டம் வரும். ஞாயிறு வருபவர்கள் பார்ப்பார்கள், செவ்வாய் வருபவர்கள் காலி மூலையைப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள். மின்சாரம் போனாலும் அது வரும். செல்போனில் பிடித்தால் நிற்காது. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் காலி நாற்காலிகளும் கரண்டிச் சத்தமும்தான் இருக்கும். ஒரு முறை அண்ணி பாட்டுக்கு நடுவில் ‘இது காபியா, பாத்திரம் கழுவின தண்ணியா’ என்று முணுமுணுத்தது ஒன்பதாம் நாள் கடை முழுக்கக் கேட்டது. கடைக்காரம்மா மறுநாளே காபித்தூளை மாற்றினார். அதற்குப் பிறகு மூவரும் பாட்டு தவிர வேறெதற்கும் வாய் திறக்காமல் வாசித்தார்கள்.

போஸ்டர் எழுதுவது அண்ணன். வாசிக்கும் நாள், கேட்கும் நாள் என்று இரண்டு தேதி போட்டு, கடைசி வரியாக எப்போதும் ஒன்று சேர்ப்பார்: ‘லிஃப்டை நம்ப வேண்டாம், படியேறி வரவும்.’ படித்தவர்கள் சிரித்தார்கள். அதைப் பசை தடவி ஒட்டுவது தம்பியின் வேலை. அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

குழு தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பு அச்சகத்தின் லிஃப்ட், கதவு மூடாமலேயே கிளம்பி, அண்ணனின் வலது காலை இரண்டு மாடிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டது. ஆட்கள் வந்து எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அந்த லிஃப்டைப் பராமரித்தவன் தம்பி. விசாரிக்க வந்தவர்கள் லிஃப்டுக்குள் மாட்டியிருந்த சோதனைக் கார்டைப் பார்த்தார்கள், அதில் தம்பியின் கையெழுத்து ஒழுங்காக இருந்தது, ‘பயணி அவசரப்பட்டுக் கதவை இழுத்திருக்கிறார்’ என்று எழுதினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அண்ணன் அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தம்பியின் வேலை தப்பியது. அன்றிலிருந்து அண்ணன் கைத்தடியோடு எல்லா மாடிக்கும் படியேறியே போனார். தம்பி ஏழு வருடம் அவர் பின்னால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஏறினான். உண்மை அவனுக்குத் தெரியும். அந்தக் கதவை அவன் சோதிக்கவே இல்லை.

ஒரு ஞாயிறன்று அண்ணன் காபிக் கடைக்கு மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, முன் மேசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண் காலுக்கு என்ன என்று விசாரித்தார். “என் அவசரந்தாங்க. வேற யாரச் சொல்றது?” என்று அண்ணன் சிரித்தார். இரண்டடி தள்ளித் தம்பி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். மூன்றாவது பாட்டில் அண்ணி நிறுத்தி அண்ணன் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. தன் குரலே தன் காதில் விழாத இடத்தில் பேசுவதும் நினைப்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தம்பி நினைத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தான். உதடு மூடும்போதுதான் தெரிந்தது, மூன்று வாக்கியம் பேசியிருக்கிறான், அதுவும் பெட்டிக்கு முன்னால் தாழ்த்தி வைத்த மைக்குக்கு நாலு விரற்கடை தள்ளி. பயத்தில் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டியில் ஒரு உதை விழுந்தது. கண்ணைத் திறந்தால் அண்ணன் தன் விரல்களையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார், தனி வாசிப்பில் எப்போதும் போல.

பிறகு வந்த நாட்கள் தம்பிக்கு எப்படிப் போயின என்று சொல்வது கஷ்டம். கையில் கடிகாரத்தோடு மூன்று பாட்டையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, அந்த வார்த்தைகள் நாலு மணி பதினோராவது நிமிடத்தில் வரும் என்று கணக்குப் போட்டான். புதன்கிழமை கடைக்காரம்மாவிடம் போய், செவ்வாய் மட்டும் கடையை மூட முடியுமா என்று கேட்டான். “நீங்க வாசிக்கிற நாள்ல வேணா மூடுறேன். கேக்குற நாள்ல மாட்டேன்,” என்றார் அவர். வெள்ளிக்கிழமை அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்று பரிசோதனை நிலையத்துக்குப் போனான். அங்கே டோக்கன் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். டோக்கன் வாங்கிப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் காத்திருந்து, கையை நீட்டி, “அண்ணி, அன்னிக்கு மூணாவது பாட்டுல...” என்று ஆரம்பித்ததுமே அவர் ரப்பர் பட்டையை இறுக்கினார். “தம்பி, செவ்வா வரைக்கும் பேசக்கூடாது. உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்னத்தான் பிச்சு எடுப்பாரு. கைய மடக்காதீங்க.” டோக்கன் போட்டாயிற்று என்பதற்காக இரத்தமும் எடுத்தார். ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

அண்ணனைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. உடம்புக்கு முடியாதது போலவாவது இருப்பார், வராமல் இருப்பார் என்று எதிர்பார்த்தால், மனிதர் நாளுக்கு நாள் உற்சாகமாக இருந்தார். ஞாயிறு மாலை தன் விதியைத் தானே பாதி மீறினார். “என்ன ஆனாலும் செவ்வாக்கிழமை போயிடணும்டா. மூணாவது பாட்டு மட்டும் காதுல விழுந்துட்டாப் போதும் எனக்கு.” அன்று ராத்திரி தம்பி ஒரு முடிவுக்கு வந்தான்.

காபிக் கடை இருந்த கட்டடத்தின் லிஃப்டும் அவன் கம்பெனியின் பராமரிப்பில்தான் இருந்தது. செவ்வாய் மூன்றரைக்கு மூன்றாவது மாடியில் லிஃப்டை நிறுத்தி, ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டி, சுவரில் துளை போடும் பெரிய டிரில்லை எடுத்துச் சொருகினான். போட வேண்டிய துளை எதுவும் இல்லை. பதினோராவது நிமிடத்தில் ஒரே ஒரு நிமிடம் அலற விட்டால் போதும். எதிரே கண்ணாடிக் கதவு. உள்ளே நாற்காலி காலி இல்லை. அண்ணன் படியேறி வந்தவர் பலகையையும் அவனையும் பார்த்தார். “நல்லாப் பாருடா,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், மூலைக்குப் பக்கத்தில் அண்ணியோடு உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு ஆளில்லாத மூலையிலிருந்து பெட்டி நாலு தட்டு தட்டியது. முதல் பாட்டு வந்தது, போனது. இரண்டாவதில் அண்ணியின் குரல் ஓரிடத்தில் பிசிறியது, உட்கார்ந்திருந்த அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பி டிரில்லைத் தூக்கிக் கையில் பிடித்துக்கொண்டான். மூன்றாவது பாட்டு. அண்ணி நிறுத்தினார், கிட்டார் தனியாகக் கிளம்பியது. பத்தாவது நிமிடம் முடிந்து முள் ஏறியதும் தம்பி சுவிட்சை அழுத்தினான். கட்டடமே அலறியது. கண்ணாடிக்குள் எல்லாத் தலையும் திரும்பியது, ஒரு தலையைத் தவிர. அண்ணன் காதுக்குப் பின்னால் கையை வைத்து, காலி மூலையை நோக்கி உடம்பையே சாய்த்திருந்தார். ஆறு வருடத்தில் அவர் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை என்று அதற்குள் வந்த அரை நிமிடத்திலேயே தம்பிக்குத் தெரிந்திருந்தது. இது இன்னொரு தரம் வராது. காலையும் எடுத்துக்கொண்டு இதையும் எடுத்துக்கொள்வதா என்று அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. விரலை எடுத்தான். டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றான்.

கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் அவன் குரல், மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றையும்விடச் சத்தமாக, கடை முழுக்க வந்தது. “அவசரம் உன்னோடது இல்லண்ணா. அந்தக் கதவ நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு கையெழுத்து மட்டும் போட்டேன்.” பெட்டியின் தாளம் தடுமாறியது. ஒரு தட்டு விழவில்லை, இன்னொன்றும் விழவில்லை. கடையில் யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அப்போது அதே மூலையிலிருந்து, கிட்டார் ஒரு நரம்பும் பிசகாமல், அண்ணனின் குரல் வந்தது.

“தெரியும்டா. கண்ணத் திற. தாளம் போகுது.”

பெட்டியில் ஓர் உதை விழும் சத்தம். தாளம் திரும்பப் பிடித்துக்கொண்டது, அண்ணி பாட ஆரம்பித்தார். அன்றைக்கு அண்ணன் அவன் உதட்டைப் பார்த்துவிட்டார், பதிலையும் அன்றைக்கே சொல்லிவிட்டார். அது வந்து சேர ஒன்பது நாள் ஆனது, அவ்வளவுதான்.

தம்பி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அண்ணன் கோபமாக இருந்தார், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது, இரண்டையும் அவர் துடைக்கவில்லை.

“எப்போலேருந்து தெரியும்?”

“அந்த நாப்பது நிமிஷத்துலேருந்து. கண்ணு முன்னால கார்டு. வேற என்ன படிக்கிறது எனக்கு? நீ போட்டிருந்த தேதி, நாம ரெண்டு பேரும் இந்த கிட்டார் வாங்கக் கடை கடையா அலைஞ்ச நாள்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“நானா?” என்றார் அண்ணன். “பிழையக் காட்டத்தான்டா நான். மாத்தி எழுத வேண்டியவன் நீ. ஏழு வருஷம் ஆக்கிட்டே.”

ஸ்வெட்டர் பின்னும் பெண் திரும்பி, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, நாலாவது பாட்டு வருது,” என்றார். மூவரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். நாலாவது பாட்டில் தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. கைதட்டல் முடிந்து ஆட்கள் படியிறங்கிப் போனதும் தம்பி லிஃப்டைத் திறந்து கதவு, பூட்டு, கம்பி வடம், ஒவ்வொரு மாடியின் சுவிட்சு என்று இரண்டு மணி நேரம் ஒன்று விடாமல் பார்த்தான். அண்ணன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தார், நடுநடுவே திட்டவும் செய்தார். கடைசியில் தம்பி கார்டை எழுதி உள்ளே மாட்டினான். அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அண்ணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஏறி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டைப் படித்தார். தேதி சரியாக இருந்தது. மூவருமாகக் கீழே இறங்கினார்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கும் போஸ்டரை அண்ணன்தான் எழுதினார். வாசிக்கும் நாள் ஞாயிறு, நாலு மணி. கேட்கும் நாள் ஒன்பது நாள் கழித்துச் செவ்வாய், அதே நாலு மணி. கடைசி வரியில் ‘லிஃப்ட் உண்டு’ என்று போட்டிருந்தது. தம்பி அதை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் வழக்கமான இடங்களில் ஒட்டிவிட்டு வந்தான்.