படத்தில் விழுந்த வெள்ளை

...கழற்றச் சொன்னபோதே கழற்றியிருக்க வேண்டும், கடுக்கனையும் அரைஞாணையும் அவிழ்த்துக் கொடுத்த கைக்கு அந்தத் தகட்டை மட்டும் அவிழ்க்க ஏன் வரவில்லை, முருகா, என்று எக்ஸ்ரே அறை வாசலில் நின்று மயிலாத்தாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். உள்ளே அவள் புருசன் நஞ்சப்பன். முதுகில் ஊசி குத்தி, தலைக்குள் காற்றேற்றி, மூளையைப் படம் பிடிக்கிறார்கள், அவன் ஓங்கரிப்பது வெளியே கேட்கிறது... இரண்டு வருசமாய்க் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்கிறான், தலையில் கட்டி இருந்தால் படத்தில் தெரியும் என்றார் டாக்டர், ஒன்றும் தெரியாவிட்டால்? கோயிலில் சங்கிலி போட்டு விட்டுவிடுவது என்று அவன் அண்ணன் சென்னியப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். கொல்லங்கோட்டுப் பூசாரி மந்திரித்த செப்புத் தகடு, கண்ணிமைக்கும் நேரம் கழன்றாலும் பிடித்த பேய் திரும்பும் என்றாரே, அதனால்தானே அவன் பிடரி மயிரோடு அதைப் பின்னி மறைத்தாள்...

டாக்டர் கழுவிய ஈரம் காயாத படத்தோடு வந்தார். "மற்றதெல்லாம் சரி. இங்கே மட்டும் வெள்ளையா ஒண்ணு காணுது. நாளைக்குத் திரும்பக் காற்றேற்றிப் பார்க்கணும், தலையைத் திறக்க வேண்டியும் வரலாம்." சென்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா அம்மிணி, பேயுமில்ல பிசாசுமில்ல, கட்டி! அறுத்துட்டா நம்ம நஞ்சன் வந்துருவான்." வாயை மூடிக்கொண்டால் சங்கிலி இல்லை... ஆனால் அந்த ஓங்கரிப்பு நாளைக்கும், பிறகு கத்தி, ஒன்றுமில்லாத தலையில்...

"ஏனுங்க டாக்டரய்யா... அது கட்டியில்லீங்க. நான் பின்னி வெச்ச தகடுங்க."

"அடிப்பாவி! ஆஸ்பத்திரியக் கோமாளிக் கூத்தாக்கிட்டியே!" என்றார் சென்னியப்பன். டாக்டர் கோபிக்கவில்லை. "சாரமில்லை, பரவாயில்லை" என்று தம் மலையாளம் கலந்து சொல்லி உள்ளே போய், மயிர் இழுபடாமல் தாமே சிக்கெடுத்து, தகட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார். படத்தில் காணாததும் நோய்தான், மாத்திரை உண்டு, ஊசியில்லாமல் மூளையை அடுக்கடுக்காய்ப் படமெடுக்கும் மெஷின் சீமையில் வந்திருக்கிறதாம், அதிலும் இது தெரியுமோ என்னவோ, என்றார். சென்னியப்பன் சன்னலைப் பார்த்தார். மாத்திரைக்குச் சம்மதமா, சங்கிலியா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் உள்ளே போய், தலைவலியில் கிடந்த நஞ்சப்பனின் நெற்றியை அழுத்திப் பிடித்தாள். அவன் கண் திறக்கவில்லை. "ஏ புள்ள, அவங்க கேக்கறாங்க... காத்தால இருந்து நீ சோறு தின்னியான்னு."

அவள் கை அப்படியே நின்றது. அந்தக் குரல்களை விரட்டச் சொல்லித்தான் எத்தனை கோயில் ஏறி இறங்கினாள்... என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாளாவது அவனிடம் கேட்டாளா?