ஜுனைதா சிரித்த நாள்

மகன் மௌத்தான செய்தி வந்தபோது ஜுனைதா சிரித்தாள்.

சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை. வயிறு குலுங்க, கண் இடுங்க, கட்டிலே ஆடுகிற சிரிப்பு. நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம் லொறியொன்று முந்த வந்ததில் ஸப்ராஸின் மோட்டார் சைக்கிள் அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே உயிர் போய்விட்டது என்று பொலிஸ்காரர் ஒருவர் போனில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். செய்னுலாப்தீன் சேருக்கு இரைச்சலில் ஒன்றும் சரியாக விளங்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். நல்ல புத்திதான் போங்கள்! வாய் பேசாமல் கிடந்த பெஞ்சாதியின் தலைமாட்டில் நின்றுகொண்டா அதைச் செய்வது?

பக்கத்து வளவில் இருந்த சேரின் தங்கை பஹ்மிதா, அவர் சத்தம் கேட்டு, தேங்காய்ப்பால் பிழிந்த கையோடு ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அல்லாஹ்வே! நானா, மதினி சிரிக்கிறா."

"தெரியுது" என்றார் சேர்.

போன நோன்புக்கு முன்னர்தான் ஜுனைதாவைப் பாரிசவாதம் அடித்தது. வலப் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எழுதிக் காட்டவும் வரவில்லை. மிஞ்சியது இடக் கை ஒன்றும் இந்தச் சிரிப்பும்தான். புத்தளத்தில் பார்த்த டொக்டர் சேரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சேர், இது சந்தோஷச் சிரிப்பு இல்ல. சிரிப்பையும் அழுகையையும் கட்டுப்படுத்துற நரம்புகள் பழுதாகிட்டு. கவல வந்தாலும் சிரிப்பாங்க, ஒண்டுமில்லாமலும் சிரிப்பாங்க. முகத்தப் பார்த்து மனச எடை போட்டுடாதீங்க."

இதைப் போய் யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! கற்பிட்டியில் ஒரு தலைமுறைக்கே அளவையியல் படிப்பித்த மனிதர் செய்னுலாப்தீன் சேர். நடத்தைவாதம் என்ற பகுதி வந்துவிட்டால் அவருக்குக் கந்தூரி வந்த மாதிரி. "புள்ளைகள், புத்தளம் பஜார்ல கழுத நிக்கிது. பழக்கடை கதவு தொறக்கிற சத்தம் கேட்டா ஓடி வருது. ஏன்? தோல் கெடைக்கும். அது மனசுக்குள்ள என்ன நெனைக்கிது எண்டு நான் கேக்க மாட்டேன். மனசக் கண்டவன் யாரு? நடத்தையத்தான் காணலாம்" என்பார். வலி இருந்தும் ஒருவன் வெளியே காட்டாமல் இருந்தால் என்று ஒரு பிள்ளை ஒருமுறை எழும்பிக் கேட்டது. "காட்டாத வலி, இல்லாத வலி" என்று சேர் ஒரே போடாய்ப் போட்டார். வகுப்பே கை தட்டியது. அவருக்குக் கழுதை சேர் என்று பட்டம் வைத்ததும் அதே வகுப்புத்தான்.

பென்ஷன் எடுத்தால் மட்டும் அந்தப் பழக்கம் விடுமா? கட்டிலில் கிடந்த மனைவிக்கும் அவர் பாடம் நடத்தத் தொடங்கினார். காரணமில்லாமல் சிரித்தால் எழும்பி வெளியே போய்விடுவார். முகம் அமைதியாக இருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இனிக்க இனிக்க ஒரு துண்டு தொதல் ஊட்டுவார். கவனிக்காமல் விட்டால் எந்தப் பழக்கமும் பட்டுப்போகும் என்பது அவருடைய கணக்கு. கொடுமை செய்வதாக அவர் நினைக்கவே இல்லை. அவளைத் திரும்பவும் மனிசியாக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான். ஆசை இல்லாதவன் தினமும் தொதலும் கையுமாய் நிற்பானா? ஆனால் அவர் எழும்பி வாசல் பக்கம் திரும்பும் போதெல்லாம் அவள் சிரிப்பு கூடிக்கொண்டுதான் போனது.

ஸப்ராஸ் வேறு மாதிரி. காற்றுக் காலத்தில் கடலில் பட்டம் கட்டிப் பறக்க வரும் வெள்ளைக்காரருக்குப் படகு ஓட்டினான். பின்னேரம் வந்ததும் உப்புத் தண்ணீர் காயாத தலையோடு உம்மாவின் கட்டிலில் ஏறிக் குந்திவிடுவான். எந்த வெள்ளைக்காரன் எப்படித் தலைகுப்புற விழுந்தான் என்று நடித்துக் காட்டுவான். அவள் சிரிப்பாள், அவனும் சிரிப்பான். சில நாள் அவள் சிரிக்கத் தொடங்கியதும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வான்.

"அது நெசச் சிரிப்பு, இது பொய்ச் சிரிப்பு எண்டு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று சேர் ஒருநாள் கேட்டார்.

"தெரியும் வாப்பா."

"அதான், எப்படி? என்ன அடையாளம்?"

"அடையாளம் ஒண்டுமில்ல. எங்கட உம்மாதானே, தெரியும்."

"இது ஒரு பதிலாடா?"

"நீங்க உம்மாட முகத்தப் பார்க்கிறீங்க வாப்பா. உம்மாவப் பாருங்களேன்."

படிக்காத பேச்சு என்று சேர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளையைத்தான் மறுநாள் பகல் லுஹர் தொழுகை தாண்டி வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மரண பரிசோதனை எல்லாம் முடித்துத் தருவதற்குப் புத்தளத்தில் அவ்வளவு நேரமாகிவிட்டது. அஸர் தொழுகையோடு அடக்குவது என்று முடிவு. வீடு நிறைய ஆட்கள். சிலாபத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். சேரிடம் படித்தவர்கள் வேலிக்கரை வரை நின்றார்கள்.

ஜுனைதா அறைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மகனின் ஜனாஸா வாசல் படியேறியதுமே தொடங்கிவிட்டாள். யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ குரலை உயர்த்தி ஓத, மற்றவர்களும் உயர்த்தினார்கள். அதற்கு மேலாலும் சிரிப்புக் கேட்டது. பஹ்மிதா சேரைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நானா, மதினிய வெளிய எடுக்க வாணாம். நான் கெட்டதுக்குச் சொல்லல்ல. சனம் நாளைக்கு என்ன கதைக்கும்? பெத்த புள்ளட மையத்தப் பார்த்து உம்மாக்காரி சிரிச்சா எண்டு காலம் பூரா சொல்லுவாங்க. நாக்கு நரம்பில்லாதது."

பஹ்மிதாவின் மகள் ஷிம்லா பின்னாலேயே வந்து நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"என்ன உம்மா கதைக்கிறீங்க? பெத்தவ மொகம் பார்க்காம எப்படி? மாமா, நானும் எங்கட றிம்ஸான் நானாவும் மாமியக் கதிரையில வெச்சுத் தூக்கி வாறோம். சிரிச்சா சிரிக்கட்டும். யாரு என்ன சொன்னா என்ன?"

"நீ வாய மூடு" என்றாள் பஹ்மிதா.

இருவரும் சேரைப் பார்த்தார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். டொக்டர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. மகன் சொன்னதும் மறக்கவில்லை. ஆனால் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. படிப்பித்த பிள்ளைகள் முற்றத்தில் நிற்கிறார்களே என்ற வெட்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. மகனின் முகத்துக்கு நேரே குனிந்து அவள் சிரித்துவிட்டால், அதைத் தன் கண்ணால் கண்டுவிட்டால், பிறகு அவளோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? அவளை வெறுத்துவிடுவோமோ என்று மனிதர் பயந்தார்.

"முகம் பார்க்கிற ஆக்கள் பார்த்துக்கொள்ளுங்க, நேரமாகுது" என்று முன்னறையில் யாரோ சொன்னார்கள்.

அறைக்குள்ளிருந்து சிரிப்பு இன்னும் பலமாய் வந்தது. கூடவே தொம் தொம்மென்று ஒரு சத்தம். கட்டில் சுவரில் இடிபடுகிறது என்று சேர் நினைத்தார்.

"கேக்குதா? இந்தச் சிரிப்போடயா கூட்டி வரச் சொல்றாய்?" என்று ஷிம்லாவிடம் கத்தினார். போய் அறைக் கதவின் வெளித் தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டார்.

ஷிம்லா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் குனிந்துகொண்டு, மையத்தைத் தூக்கும் சந்தூக்குக்குக் கை கொடுக்கப் போய்விட்டார்.

மையவாடியில் மண் போட்டு, துஆ ஓதி, வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்து முடித்து அவர் திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. ஆண்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தார்கள். வீட்டில் ஓதல் நின்றிருந்தது. அறையிலும் சத்தமில்லை. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று நினைத்தார். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் தள்ளினார். அது கொஞ்சம் விலகி நின்றுவிட்டது. பின்னால் ஏதோ பாரம். மெல்ல மெல்லத் தள்ளித் தலையை நுழைத்துப் பார்த்தார்.

ஜுனைதா கதவின் அடியில் கிடந்தாள்.

பாதி உடம்பு செத்தவள் கட்டிலிலிருந்து எப்படி இறங்கினாளோ, அந்தத் தூரத்தை எப்படி இழுபட்டுக் கடந்தாளோ, ரப்புக்குத்தான் வெளிச்சம். முழங்கை உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. இடக் கை விரல் மொளிகளெல்லாம் கன்றிச் சிவந்திருந்தன. கதவின் கீழ்ப்பலகையில் அந்த இரத்தம் தீற்றியிருந்தது. தலையில் தொழுகைப் புடவை போட்டிருந்தாள். கட்டில் சட்டத்தில் தொங்கியதை ஒற்றைக் கையால் இழுத்து எடுத்துத் தலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் வழிந்து தோளில் கிடந்தது, மற்றப் பக்கத்தைத் தாடைக்குக் கீழே ஒழுங்காகச் செருகியிருந்தாள். மகனுடைய முகத்தைப் பார்க்கப் போவதற்குத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு, கதவு திறக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை. சேரைக் கண்டதும் இடக் கையை நீட்டினாள். தூக்கி விடச் சொல்கிறாள்.

அவள் விரல்களை அசைத்தாள். கெதியாகத் தூக்கு, சுணங்குது என்கிற அசைப்பு. கண் அவரைத் தாண்டி முன்னறையைத் தேடியது. அங்கே சந்தூக்கு வைத்திருந்த இடத்தில் பாய் மட்டும் விரித்திருந்தது.

அவர் இடுக்கால் உள்ளே நுழைந்து அவள் முன்னால் தரையில் குந்தினார்.

"ஜுனைதா" என்றார். "அடக்கியாச்சு. ஸப்ராஸ அடக்கியாச்சு."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தரையில் விழுந்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, மூச்சு முட்ட, கண்ணெல்லாம் இடுங்க வந்தது. முற்றத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பஹ்மிதா ஜன்னலைச் சாத்த ஓடி வந்தவள், வாசலில் நானாவைக் கண்டு நின்றுவிட்டாள். செய்னுலாப்தீன் சேர் சின்னப்பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதுகொண்டு அவளைக் கட்டிப் பிடிக்கப் போனார்.

அவள் சிரித்துக்கொண்டே, இருந்த அந்த ஒரு கையால் அவரை நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். அவர் திரும்பவும் கிட்டப் போனார். திரும்பவும் தள்ளினாள்.