குறி போட்ட துணி

தையல்காரர் இருபத்திரண்டு வருஷமாக மனைவியை மாதா கோயில் வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. "நீயும் வாய்யா" என்பாள். "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். தள்ளிப்போடுவதில் மனுஷன் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் என்று, அவரிடம் துணி கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது டாக்டர், அவள் பத்து நாள் தாங்கினால் பெரிது என்று கையை விரித்துவிட்டார். தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் பாதிரியாரிடம் ஓடினார்.

"ஃபாதர், எனக்கு ஞானஸ்நானம் குடுங்க. இன்னைக்கே."

"பெரியவங்களுக்குச் சட்டுனு குடுக்கிறதில்லைங்க. ஒரு வருஷமாவது படிக்கணும், ஜெபிக்கணும். அப்புறம் ஈஸ்டருக்குத்தான்."

"சாகக் கிடக்கிறவங்களுக்கு உடனே குடுப்பீங்களாமே?"

"ஆமா. யாரு சாகக் கிடக்கிறா?"

"என் பொண்டாட்டி. ஆஸ்பத்திரில கிடக்கா."

"அவங்க பொறந்ததுலேருந்தே நம்ம சபைதானே."

"நான் உள்ள வந்ததை அவ கண்ணால பாக்கணும் ஃபாதர். ஒரு வருஷத்துக்கு நான் எங்க போவேன்?" இருபத்திரண்டு வருஷத்தைக் கோட்டை விட்டுவிட்டுப் பத்து நாளுக்குக் கெஞ்சுகிறோமே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது. அழுதுவிட்டார்.

பாதிரியார் யோசித்தார். "முதல் படின்னு ஒண்ணு இருக்கு. நெத்தியில சிலுவை போட்டு ஏத்துக்கிறது. கோயில்ல வச்சுத்தான் செய்யணும். பரவாயில்ல, நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வரேன். ஆனா அது ஞானஸ்நானம் இல்ல. குறி மட்டும்தான்."

குறி என்றதும் தையல்காரர் நிமிர்ந்தார். சாக்பீஸால் குறி போட்ட துணியை அவர் மாற்றிக் கொடுத்ததே இல்லை. வெட்டாமல் கிடந்தாலும் அது அந்த ஆளின் துணிதான்.

"அது போதும் ஃபாதர்."

மறுநாள் காலை கட்டிலருகே நின்று பாதிரியார் முறைப்படி கேட்டார்: "கடவுளின் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்?"

'விசுவாசம்' என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் வாயில், "இவளை" என்று வந்தது.

"விசுவாசம்னு சொல்லுய்யா" என்றாள் மனைவி, மூச்சு வாங்க. சொன்னார்.

சிலுவையை அவளே போடட்டும் என்றார் பாதிரியார். தையல்காரர் குனிந்தார். அவள் கட்டைவிரல் நெற்றியில் மேலிருந்து கீழே வந்தது. குறுக்குக் கோட்டுக்குக் கை எழவில்லை. நழுவிப் போர்வைமேல் விழுந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி, அவள் விரலாலேயே குறுக்கே இழுத்தார்.

"உள்ள வந்துட்டேன், பாரு."

அவள் கண் திறந்தே இருந்தது. பாதிரியார் குனிந்து அதை மூடினார்.

"பாத்துட்டா ஃபாதர். பாத்துட்டாதானே?" என்று தையல்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.