எடுத்துக் கொடுத்த அடி

என் மாமனார் பிடிவாதக்காரர். நானும் லேசுப்பட்டவன் இல்லை. ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மலைமேல் இருக்கும் ஜெபக்கூடத்தில் நாற்பது வருடம் பாட்டு நடத்தியவர். அங்கே வாத்தியம் கிடையாது, பாட்டுப் புத்தகமும் கிடையாது. ஒவ்வோர் அடியையும் அவர் முதலில் எடுத்துக் கொடுப்பார்; மேடேறி வந்து மூச்சு வாங்கும் கூட்டம் ஆற அமரத் திருப்பிப் பாடும். யாராவது அடியை மறந்து தடுமாறினால் அடுத்த நொடியே அவர் குரல் வந்து தாங்கிக்கொள்ளும்.

அந்தக் கூடத்தில் வளர்ந்தவள்தான் என் மனைவி. இன்று தானே எழுதி, தானே மெட்டமைத்து, மலைப்பாட்டையும் ஜாஸையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறுகிறாள். நான் பின்னால் நின்று டபுள் பேஸ் வாசிக்கிறேன். ஆளுயரத் தந்தி வாத்தியம், எதிர்த்துப் பேசாது, அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகிறது. பாட்டில் சில அடிகளுக்கு முன் அவள் ஒரு கணம் காத்திருப்பாள். பத்திரிகைக்காரர்கள் அதைப் புதுமை என்று எழுதுகிறார்கள். புதுமையாவது மண்ணாங்கட்டியாவது. அப்பா எடுத்துக் கொடுக்கட்டும் என்று சின்ன வயதில் காத்திருந்த பழக்கம் அது.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், கையில் கிடாருடன் கீழே போகும் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "வாத்தியம் வச்சுப் பாடினா ஜனங்க வாத்தியத்தத்தான் கேப்பாங்க, வார்த்தையக் கேக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா கதவைத் தாழிட்டார். அவளுடைய முதல் பாட்டே அதைப் பற்றியதுதான். பின்னால் அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மழை, முட்டைக்கோஸ், முழங்கால் வலி எல்லாம் பேசுவார்கள். பாட்டு என்ற பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். அப்பா அந்தப் பாட்டை ஒருமுறையாவது கேட்டிருப்பாரா என்பதுதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

மாமியாரிடம் அவள் கேட்டால், "அவரா? நீ அனுப்பின சிடி பிரிக்காம அப்படியே கிடக்கு. என் போன எடுத்துக்கிட்டு தெனம் மேட்டுக்குப் போவாரு, சிக்னல் இருக்கான்னு பாக்க. திரும்பி வர்றப்ப சார்ஜே இருக்காது. என்ன போனோ போ" என்பார்.

போன மாதம் கண் ஆபரேஷனுக்காக மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். சனிக்கிழமை மத்தியானம் நூலக அரங்கில் எங்கள் கச்சேரி.

"வர்றீங்களா மாமா?" என்றேன்.

"வந்துதானே ஆகணும் மாப்ளே. ரெண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து ஊத்த ஆள் வேணுமே."

மூன்றாவது வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு, கையைக் கட்டிக்கொண்டு, வரி கட்டாதவன் வீட்டுக்கு வந்த அதிகாரி போல உட்கார்ந்தார். அந்தப் பாட்டை விட்டுவிடலாமா என்று அவள் காலையிலிருந்து என்னை மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் திட்டினேன். கடைசியில் பாட ஆரம்பித்தாள்.

"வாசலைத் தாழிட்டார் அப்பா..."

வழக்கம்போல் நின்றாள். வழக்கத்தைவிட ஒரு மூச்சு அதிகமாகவே நின்றாள். மகள் அடியை மறந்துவிட்டாள் என்று மாமா நினைத்துக்கொண்டார்.

"விளக்கை மட்டும் அணைக்கவில்லை" என்று மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. கத்தவில்லை. நாற்பது வருடம் எடுத்துக் கொடுத்த அதே குரலில் எடுத்துக் கொடுத்தார்.

அது எந்த ஜெபப் பாட்டிலும் இல்லாத அடி. அவள் எழுதியது. மெட்டுப் பிசகாமல் வந்ததென்றால் மனிதர் நூறு தடவையாவது கேட்டிருக்கவேண்டும். மாமியாருடைய போன் சார்ஜ் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் தாம் செய்தது உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் அந்த அடியைத் திருப்பிப் பாடினாள், ஜெபக்கூடத்தில் பாடுவதைப் போல. பிறகு அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மெல்ல எழுந்து அடுத்த அடியைக் கொடுத்தார். கடைசி அடிவரை அப்படியே போயிற்று. ஜனங்கள் இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்தார்கள். நான் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். வாத்தியமில்லாமல் பாடவைத்து, மனிதர் ஒரு வழியாகத் தான் நினைத்ததைச் சாதித்துவிட்டார்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து அவள் மருந்து ஊற்றினாள். முகத்தை நிமிர்த்தியபடியே அவர் கேட்டார்: "விளக்க அணைக்கலன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? நீதான் திரும்பியே பாக்காமப் போனியே."

"வளைவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்பா. அதுலதான் பஸ் போயிடுச்சு. கீழ வரைக்கும் நடந்துதான் போனேன்."

மாமா அழுதார். மருந்துதான் வழிகிறது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போன் விஷயத்த மட்டும் அம்மாகிட்டச் சொல்லிடாத."